ஷோனென் என்று போட்டிருந்தால் சின்னப் பையன்கள் பார்க்கலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: மகனுக்கு 9 வயது, மகளுக்கு 13. அனிமேயில், அதாவது ஜப்பானிய கார்ட்டூன்களில், ஷோனென் என்றால் பையன்களுக்கு, ஷோஜோ என்றால் பெண் பிள்ளைகளுக்கு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பி, ஷோனென் என்று போட்டிருந்த அட்டாக் ஆன் டைட்டனை வீட்டில் போட்டிருக்கிறீர்கள். முதல் எபிசோடிலேயே கதாநாயகனின் அம்மாவை ராட்சதன் பிடித்துத் தின்கிறான், உங்கள் பையன் அன்று ராத்திரி தனியாகப் படுக்க மாட்டேன் என்று அழுதிருக்கிறான். இது எப்படிச் சிறுவர்களுக்கானது, எந்த வகை எந்த வயதுக்கு என்று ஒரு பட்டியல் தர முடியுமா என்று கேட்கிறீர்கள். பார்த்தால் வகைகளைப் பற்றிய கேள்வி மாதிரி இருக்கிறது. ஆனால் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது, அந்தப் பெயர்களை வயதுச் சான்றிதழாக நம்பலாமா என்பது. நம்பக் கூடாது. காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

ஜப்பானிய மொழி கற்றுத்தருவது என் தொழில், அதற்கு முன் சில வருடம் ஜப்பானிலேயே இருந்தேன். வகுப்பில் சேர வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் அனிமே பார்த்து ஆசைப்பட்டு வருகிறவர்கள். கூட வருகிற அப்பா அம்மாக்கள் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு முடித்ததும் அடுத்து கேட்பது ஏறக்குறைய உங்கள் கேள்வியைத்தான். ஒரு தொடர் யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது, எந்தப் பத்திரிகையில் வந்தது, டிவியில் எத்தனை மணிக்கு ஓடியது என்பதெல்லாம் உறுதியாகச் சொல்லக்கூடியவை. எந்த வயதுக்கு எது சரி என்பது அப்படி இல்லை. அது என் அபிப்பிராயம்தான், நான் குழந்தை மனநல மருத்துவர் கிடையாது. எது தகவல், எது என் கருத்து என்று பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் தகவல். ஷோனென், ஷோஜோ, செய்னென், ஜோசெய் என்பவை கதையின் வகைகள் அல்ல, பத்திரிகைகளின் வகைகள். நாம் பார்க்கிற அனிமே தொடர்களில் ஏராளமானவை முதலில் மங்காவாக, அதாவது ஜப்பானிய காமிக்ஸாக, ஏதோ ஒரு வார இதழிலோ மாத இதழிலோ தொடராக வந்தவை. அந்த இதழ் எந்த வாசகரைக் குறிவைத்து விற்கப்படுகிறதோ அந்தப் பெயர் கதைக்கும் ஒட்டிக்கொள்கிறது. 1959 மார்ச் 17 அன்று ஒரே நாளில் கோடன்ஷா பதிப்பகம் ஷோனென் மேகசினையும் ஷோகாக்குகான் பதிப்பகம் ஷோனென் சண்டேயையும் வெளியிட்டன. 1968-இல் ஷூயெய்ஷாவின் ஷோனென் ஜம்ப் வந்தது. இவை பையன்களுக்கான இதழ்கள். பெண் பிள்ளைகளுக்கு நகாயோஷி 1954-இலும் ரிபோன் 1955-இலும் தொடங்கின. காமிக்ஸ் படித்து வளர்ந்த பையன்கள் பெரியவர்களானதும் அவர்களுக்கென்று பிக் காமிக், யங் ஜம்ப் போன்றவை வந்தன, அதுதான் செய்னென். வளர்ந்த பெண்களுக்கு பி லவ், கிஸ் மாதிரி இதழ்கள், அது ஜோசெய். நம் ஊரில் ஒரே நிறுவனம் ஆனந்த விகடன், அவள் விகடன், சுட்டி விகடன் என்று தனித்தனியாகப் போட்ட மாதிரிதான். அவள் விகடனில் வந்த கதையை அப்பா படிக்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, ஆனந்த விகடனில் வருவதெல்லாம் பத்து வயதுப் பிள்ளைக்கு ஏற்றது என்றும் யாரும் நினைத்ததில்லை.

இப்போது ஷோனென் ஜம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 1994 கடைசியில் அதன் ஒரு வார அச்சுப் பிரதி எண்ணிக்கை 65.3 லட்சத்தைத் தொட்டது. பத்து வயதுப் பையன்கள் மட்டும் வாங்கி அந்த எண்ணிக்கை வராது. சிறு வயதில் படிக்க ஆரம்பித்தவர்கள் கல்லூரிக்கும் வேலைக்கும் போன பிறகும் விடாமல் வாங்கினார்கள், பெண்களும் படித்தார்கள். நட்பு, முயற்சி, வெற்றி என்ற மூன்றும்தான் தங்கள் கதைகளின் அடிப்படை என்று அந்த இதழ் சொல்லிக்கொள்ளும், அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த மூன்றுக்குள் கைப்பந்து ஆடுகிற பள்ளிப் பையன்களின் ஹைக்யூவும் அடங்குகிறது, பேர் எழுதினாலே ஆள் செத்துப்போகிற நோட்டுப் புத்தகத்தைப் பற்றிய டெத் நோட்டும் அடங்குகிறது, பேய்களின் தலையை வாளால் வெட்டுகிற டீமன் ஸ்லேயரும் அடங்குகிறது. அட்டாக் ஆன் டைட்டன் ஜம்பில் வந்ததில்லை, 2009-இல் கோடன்ஷாவின் பெஸாட்சு ஷோனென் மேகசின் என்ற மாத இதழில் தொடங்கியது. இதழின் பெயரிலேயே ஷோனென் இருக்கிறது, அதனால் அது ஷோனென். உங்களுக்குச் சொன்னவர் தப்பாகச் சொல்லவில்லை, அந்தச் சொல்லில் நீங்கள் தேடின தகவல் இல்லை, அவ்வளவுதான்.

உண்மையிலேயே சின்னக் குழந்தைகளுக்கென்று செய்யப்படுபவை தனி. அவற்றை கொதொமோ என்பார்கள், ஷோனென் ஷோஜோ பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இந்த வகை மேல் தனி மரியாதை உண்டு, ஏனென்றால் வயதைப் பற்றி உண்மையாகவே யோசித்து எழுதப்படுவது இங்கேதான். டோரேமானைப் பாருங்கள். நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த அந்த நீலப் பூனை 1970 ஜனவரி இதழ்களில் முதலில் வந்தது, அதுவும் ஒரு பத்திரிகையில் அல்ல, ஆறு பத்திரிகைகளில் ஒரே சமயத்தில். ஷோகாக்குகான் அப்போது மழலைகளுக்கு, முதல் வகுப்புக்கு, இரண்டாம் வகுப்புக்கு என்று வகுப்புக்கு ஒரு இதழ் நடத்திக்கொண்டிருந்தது. ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ ஒவ்வொரு வகுப்புக்கும் தனிக்கதை வரைந்தார், சின்ன வகுப்புக்கு எளிய கதை, மேல் வகுப்புக்குக் கொஞ்சம் சிக்கலான கதை.

இதில் ஒரு கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1974 மார்ச், மூன்றாம் வகுப்பு இதழில் டோரேமான் எதிர்காலத்துக்கே திரும்பிப்போக வேண்டியதாகிறது. தான் இல்லாவிட்டால், தான் கூட இருந்து பார்த்துக்கொள்கிற நோபிதா என்ற பையன் என்ன செய்வான் என்று அதற்குக் கவலை. அன்று ராத்திரி நோபிதா, அவனை எப்போதும் அடிக்கிற ஜியான் என்ற முரட்டுப் பையனிடம் மாட்டிக்கொள்கிறான், டோரேமானைக் கூப்பிடாமல் தனியாகவே சண்டை போடுகிறான். அடி வாங்கி விழுகிறான், எழுந்து மறுபடி போய்ப் பிடித்துக்கொள்கிறான், கடைசியில் ஜியானே வெறுத்துப்போய் நான் தோற்றேன் என்று போய்விடுகிறான். நான் ஒருத்தனாகவே ஜெயித்தேன், இனி நீ கவலைப்படாமல் போகலாம் என்பதுதான் நோபிதா சொல்ல நினைப்பது. காலையில் டோரேமான் இல்லை. ஜப்பானில் பள்ளி ஆண்டு மார்ச்சில் முடிகிறது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். அந்த இதழைப் படித்த எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள் அதே மாதம் மூன்றாம் வகுப்பை விட்டுப் போகிறவர்கள். ஏப்ரலில் அவர்கள் நான்காம் வகுப்பு இதழைத் திறந்தால், டோரேமான் திரும்பி வருகிற கதை இருந்தது. உங்கள் மகன் வயதுக்கு எழுதுவது என்றால் இதுதான் எழுதுவது: பிரிவும் உண்டு, அடியும் உண்டு, பயமும் உண்டு, ஆனால் குழந்தை தாங்குகிற அளவில்.

இன்னும் சின்னவர்களுக்கு அன்பான்மான். யானசே தகாஷி 1973-இல் படக்கதையாக எழுதியது, 1988 முதல் டிவியில் வருகிறது. பசியோடு இருப்பவனுக்கு, பன் ரொட்டியால் ஆன தன் முகத்தையே பிய்த்துக் கொடுக்கிற வீரன். யானசே போருக்குப் போய்ப் பசி என்றால் என்ன என்று பார்த்தவர், பசித்தவனுக்குச் சாப்பாடு கொடுப்பதுதான் எந்தக் காலத்திலும் மாறாத நியாயம் என்ற முடிவுக்கு அங்கிருந்துதான் வந்தார். தோக்கியோவில் இது வெள்ளிக்கிழமை காலை 10.55-க்கு ஓடும், அண்ணன் அக்காவெல்லாம் பள்ளியில் இருக்கிற நேரம். யாருக்கு என்பது நேரத்திலேயே தெரிந்துவிடும். ஞாயிறு காலை 8.30-க்கு வருகிற பிரீக்யூர் 2004-இல் தொடங்கியது, நாலு வயதிலிருந்து தொடக்கப் பள்ளி வரை உள்ள பெண் குழந்தைகளுக்கு. பெண் பிள்ளைகளுக்கும் ஓடிக் குதித்துச் சண்டை போட ஆசை இருக்கும் என்ற எண்ணத்தில் அதைத் திட்டமிட்டார்கள்.

ஷின்சான் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தமிழ் டப்பிங்கில் அதைப் பார்க்காத பிள்ளை குறைவு. ஐந்து வயதுப் பையன் கதாநாயகன் என்பதால் குழந்தைகளுக்கானது என்று நினைக்கிறோம். உசுய் யோஷிதோ அதை 1990-இல் தொடங்கியது மங்கா ஆக்ஷன் என்ற, பெரிய ஆண்கள் படிக்கிற வார இதழில். அந்தக் குறும்பு முதலில் எழுதப்பட்டது களைத்துப்போன அப்பாக்கள் சிரிப்பதற்கு. டிவிக்கு வந்தபோது குடும்பத் தொடராக மாறியது, காலப்போக்கில் நிறைய மென்மையாகவும் ஆனது. இந்தியாவில் 2008-இல் தடை செய்யப்பட்டு, பிறகு வெட்டித் திருத்தித் திரும்பி வந்ததும் இந்த மூலத்தினால்தான் என்பது என் கருத்து.

ஷோஜோ பெண்களுக்கு மட்டுமா என்றால், விற்பனைக்கு ஆமாம், படிப்பதற்கு இல்லை. 1953-இல் தெசுகா ஒசாமு ஷோஜோ கிளப் இதழில் வரைந்த ரிபோன் நோ கிஷி, ஆண் இதயமும் பெண் இதயமும் ஒன்றாக வாய்த்த இளவரசி வாள் எடுக்கிற கதை. ஆரம்பத்தில் இந்த இதழ்களில் வரைந்தவர்களில் ஆண்கள் நிறைய இருந்தார்கள், 1970-களில் இளம் பெண்கள் வந்து அதைக் கைப்பற்றிக்கொண்டார்கள். இகேதா ரியோகோ 1972-இல் மார்கரெட் இதழில் ஃபிரெஞ்சுப் புரட்சியையே கதையாக்கினார், ஆணாக வளர்க்கப்பட்ட ஆஸ்கர் என்ற பெண் தளபதியை வைத்து. அப்புறம் 1990-களில் நகாயோஷி இதழிலிருந்து செய்லர் மூனும் கார்ட்காப்டர் சகுராவும். காதல் இருக்கும், ஆனால் காதல் மட்டும் இல்லை. ஒருவர் மனதில் என்ன ஓடுகிறது என்பதை நிறுத்தி நிதானமாகக் காட்டுவதுதான் இந்த மரபின் பலம். உங்கள் பையனுக்கும் கார்ட்காப்டர் சகுராவைத் தாராளமாகப் போடலாம், அதில் யாரும் கெட்டவர் கூட இல்லை.

பெயரை வைத்தும் ஏமாறலாம், படத்தை வைத்தும் ஏமாறலாம். மடோகா மேஜிகா 2011-இல் வந்தது, போஸ்டரில் ரிப்பன் கட்டின சின்னப் பெண்கள், பார்த்தால் ஞாயிறு காலைத் தொடர் மாதிரியே இருக்கும். மூன்றாவது எபிசோடில் அவர்களில் ஒருத்தி கொடூரமாகச் சாகிறாள். அது பெரியவர்களுக்காக நள்ளிரவில் ஒளிபரப்பான தொடர். மேட் இன் அபிஸ் இன்னும் மோசம், பொம்மை மாதிரி வட்டமுகக் குழந்தைகள், ஆனால் 2020-இல் வந்த அதன் திரைப்படத்துக்கு ஜப்பானிலேயே ஆர்15+ கொடுத்தார்கள், அதாவது பதினைந்து வயதுக்குள் உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை. இந்த இரண்டும் உங்கள் பையன் கண்ணில் தானாகப் படக்கூடியவை என்பதால் குறிப்பாகச் சொல்கிறேன். இதற்கு நேர் எதிராக, சிஹாயாஃபுரு வந்தது பி லவ் என்ற ஜோசெய் இதழில், மார்ச் கம்ஸ் இன் லைக் எ லயன் வந்தது யங் அனிமல் என்ற செய்னென் இதழில், அட்டையில் நீச்சலுடைப் பெண்கள் வருகிற இதழ் அது. கதையோ, அப்பா அம்மாவை இழந்த ஒரு பையன் ஷோகி என்ற ஜப்பானியச் சதுரங்கம் விளையாடிப் பிழைக்கிறதும், அருகில் வசிக்கிற சகோதரிகள் அவனைச் சாப்பாடு போட்டுத் தேற்றுகிறதும். அதில் பள்ளியில் நடக்கும் கொடுமையை எதிர்த்து நிற்கிற ஹினாத்தா என்ற பெண்ணின் பகுதி வருகிறது, பதிமூன்று வயதுப் பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டியது என்பேன். அந்த அனிமே ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்ஹெச்கே-யில்தான் வந்தது.

சரி, அப்படியானால் எதை வைத்துத் தெரிந்துகொள்வது? ஜப்பானில் திரைப்படங்களுக்கு எய்ரின் என்ற அமைப்பு வயது முத்திரை தருகிறது: ஜி, பிஜி12, ஆர்15+, ஆர்18+. டீமன் ஸ்லேயரின் 2020 திரைப்படத்துக்கு பிஜி12, அதாவது பன்னிரண்டுக்குக் கீழே என்றால் பெற்றோர் துணையும் யோசனையும் வேண்டும். டிவி தொடர்களுக்கு இந்த மாதிரி முத்திரை வைப்பதில்லை, அங்கே ஒளிபரப்பு நேரம்தான் அடையாளம். காலையிலும் சாயங்காலமும் வருபவை பிள்ளைகளுக்கும் குடும்பத்துக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் வருபவை விழித்திருக்கிறவர்களுக்கு, அந்த நேரத்தைத் தயாரிப்புக் குழுவே காசு கொடுத்து வாங்குகிறது, பொம்மைக் கம்பெனி விளம்பரத்தை நம்பி இல்லை. டீமன் ஸ்லேயர் தொடர் இரவு 11.30, அட்டாக் ஆன் டைட்டன் நள்ளிரவு தாண்டி. ஒன் பீஸ் 1999-இல் புதன் மாலை ஏழு மணித் தொடராகத் தொடங்கி, 2006-இல் ஞாயிறு காலை 9.30-க்குப் போய், 2025 ஏப்ரலில் ஞாயிறு இரவு 11.15-க்கு மாறிவிட்டது, கூடவே வளர்ந்த ரசிகர்களின் நேரத்துக்கு. ஆனால் நேரமும் முழு ஆதாரம் இல்லை. செவன் டெட்லி சின்ஸ் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வந்தது, அதில் கதாநாயகன் பெண்ணைத் தொட்டுத் தடவுவதையே வேடிக்கையாக வைத்திருக்கிறார்கள். ஸ்பை ஃபேமிலி சனி இரவு 11 மணிக்கு வந்தது, அதை உங்கள் மகளோடு உட்கார்ந்து சங்கடமில்லாமல் பார்க்கலாம். ரத்தத்தை விட இந்தத் தொட்டுத் தடவுகிற வேடிக்கைதான் ஷோனென் தொடர்களில் எனக்கு அதிகம் உறுத்துவது, நிறையத் தொடர்களில் இருக்கிறது, யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

நம் நாட்டு ஓடிடிகளில் 2021 விதிகளின்படி யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று போட வேண்டும், 13+-க்கும் அதற்கு மேல் உள்ளவற்றுக்கும் பெற்றோர் பூட்டும் இருக்க வேண்டும். அதைப் பாருங்கள், பூட்டையும் போடுங்கள், பிறகு முதல் இரண்டு எபிசோடை நீங்கள் தனியாகப் பார்த்துவிடுங்கள். யூடியூபில் யாரோ வெட்டி ஏற்றின துண்டுகளில் இந்த முத்திரை எதுவும் வராது. இன்னொன்று, கண்ணைப் பறிக்கிற வெளிச்சம். 1997 டிசம்பர் 16 அன்று போக்கிமானின் ஓர் எபிசோடில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னியதில் சுமார் 685 குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனார்கள், தொடர் நான்கு மாதம் நின்றது. அதற்குப் பிறகுதான் வெளிச்சமான அறையில் டிவியிலிருந்து தள்ளி உட்கார்ந்து பாருங்கள் என்ற அறிவிப்பு வழக்கத்துக்கு வந்தது. இருட்டில் போனை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிற பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள், வீட்டில் யாருக்காவது வலிப்பு இருந்தால் மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள்.

இனி என் கருத்து. மகனுக்கு இப்போது டோரேமான், போக்கிமான், பிறகு ஜிப்லி ஸ்டூடியோவின் டோட்டோரோ, கிகி படங்கள். ஒரு வருடம் போகட்டும், ஹைக்யூ. டோட்டோரோ பிடித்துவிட்டது, அதே ஸ்டூடியோ என்று கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸைப் போட்டுவிடாதீர்கள். 1988 ஏப்ரலில் இரண்டையும் ஒரே டிக்கெட்டில் ஜோடியாகத்தான் வெளியிட்டார்கள், ஆனால் அது போரில் இரண்டு குழந்தைகள் பட்டினியால் சாகிற கதை. மகளுக்கு சிஹாயாஃபுரு, ஃப்ரூட்ஸ் பாஸ்கெட், மார்ச் கம்ஸ் இன் லைக் எ லயன். ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்டும் பார்க்கலாம், அரகாவா ஹிரோமு என்ற பெண் எழுதிய ஷோனென் கதை, ஷோனெனில் இதைவிடச் சிறந்தது எனக்குத் தெரிந்து குறைவு. பிரதர்ஹுட் தொடரின் நான்காவது எபிசோடில் ஒரு அப்பா தன் மகளுக்குச் செய்வது பெரியவர்களையே உலுக்கும், அன்று பக்கத்தில் இருங்கள். எ சைலன்ட் வாய்ஸ் படம் காது கேளாத பெண்ணைப் பள்ளியில் துன்புறுத்துவதைப் பற்றியது, தற்கொலை முயற்சி வருகிறது, அதையும் சேர்ந்தே பாருங்கள்.

அட்டாக் ஆன் டைட்டனை மகளுக்கும் இன்னும் இரண்டு மூன்று வருடம் தள்ளிப்போடலாம். ராட்சதர்கள் மனிதரைத் தின்பதோடு அந்தக் கதை நிற்பதில்லை, ஒரு மக்கள் கூட்டம் இன்னொன்றை வெறுத்து அழிக்கக் கிளம்புவது வரை போகிறது, அது புரிகிற வயதில் பார்த்தால்தான் பார்த்ததற்கு அர்த்தம். மகன் திரும்பக் கேட்டால், அது உன்னை விடப் பெரிய அண்ணன்களுக்காக ராத்திரியில் போட்ட தொடர், அம்மா அப்பாவுக்கே அது தெரியாமல் போய்விட்டது என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள். பயம் நாள்கணக்கில் போகாமல் தூக்கம் கெட்டால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.